விசாவும் ஓர் அமானிதமே!

கடல் கடந்து செல்வது வடசென்னை முஸ்லிம்களுக்குப் புதிய செய்தியன்று. கப்பல் வேலைக்குச் சென்றோரும், ரங்கூனுக்கும் பினாங்குக்கும் வணிகம் நாடிச் சென்றோரும், பிற்காலத்தில் துபாய்க்கும் ரியாத்துக்கும் உழைக்கச் சென்றோரும் ராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அவர்கள் பொருள் தேடிச் சென்றவர்கள். இன்றோ, துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் பேரனும், கன்டெய்னர் லாரி ஓட்டுபவரின் மகனும் கல்வி தேடிப் புறப்படுகிறார்கள். அவர்களுள் பலர் நாடும் தேசம் ஜெர்மனி.

ஜெர்மனி என்றதும் நம் முதியவர்களுக்கு நினைவில் எழுவது ‘எம்டன்’ கப்பல்தான். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு அந்தப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைத் தீக்கிரையாக்கிவிட்டு இருளில் மறைந்தது. அதன் பிறகு, பிறரை ஏய்த்துத் தப்பித்துக் கொள்ளும் கெட்டிக்காரனை ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் மக்கள் சொல்லத் தொடங்கினார்கள். காலம் மாறியது. 1959ல் சென்னையில் ஐ.ஐ.டி. தொடங்கப்பட்டபோது அதற்குத் துணை நின்றது மேற்கு ஜெர்மனி. 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மன் உயர்கல்வி நிலையங்களில் பயின்ற இந்திய மாணவர்கள் 49,000க்கும் மேற்பட்டோர். அங்குள்ள அயல்நாட்டு மாணவர்களில் இந்தியரே முதலிடத்தில் உள்ளனர். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை பாடக் கட்டணம் வாங்குவதில்லை என்பது, வசதி குறைந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த வாசலைத் திறந்து வைத்திருக்கிறது.

‘அன்னிய நாட்டுக்குப் படிக்கப் போகலாமா?’ என்று கேட்போருக்கு விடை சுருக்கமானது. ஈமானையும் தொழுகையையும் காத்துக் கொள்ள முடியுமானால், பயன் தரும் கல்வியைத் தேடிச் செல்வதை மார்க்கம் தடுக்கவில்லை. அல்லாமா இக்பால் 1907ல் ஹைடல்பர்க் நகரில் தங்கி ஜெர்மன் மொழி கற்று, மியூனிக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அவரது ஈமான் அங்கே கரைந்து போய்விடவில்லை. ஆகவே, போகலாமா என்பதைவிட, எப்படிப் போவது, அங்கே எப்படி வாழ்வது என்பதே இன்று நாம் கவலைப்பட வேண்டிய கேள்வியாகும்.

ஒரு தந்தையின் வினா

துறைமுகத்தில் வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: “ஹஜ்ரத், பையனுக்குப் பெர்லினில் இடம் கிடைத்துவிட்டது. ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே பாங்கில் கட்டிக் காட்ட வேண்டுமாம். அவ்வளவு பணம் நம்மிடம் ஏது? ஒருவர் தருகிறேன் என்கிறார். பையன் அங்கே போனதும் மாதாமாதம் அவன் கைக்கு வருவதை அப்படியே அவருக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அதற்கு மேல் அவருக்கு ஒரு கமிஷன். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார்கள். இதில் பொய் ஏதும் இருக்கிறதா?”

‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்ற பிறகும் ஒரு மனிதர் வந்து கேட்கிறார் என்றால், அவருடைய கல்பு உயிரோடு இருக்கிறது என்று பொருள். அவர் ஒருவருக்கு மட்டுமின்றி, இதே நிலையில் உள்ள அனைவருக்கும் பயன்படும் பொருட்டு இந்த வினாவைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

முதலில் அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டு மாணவர் தம் செலவைத் தாமே தாங்கிக் கொள்வார் என்பதற்கு ஜெர்மன் அரசு ஆதாரம் கேட்கிறது. 2024 செப்டம்பரில் வகுக்கப்பட்ட கணக்குப்படி அத்தொகை ஓராண்டுக்கு 11,904 யூரோ. நம் பணத்தில் ஏறத்தாழ 12 இலட்சம் ரூபாய். அதை முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் செலுத்த வேண்டும். மாணவர் அங்கே சென்றபின் மாதம் 992 யூரோ வீதம் அவருக்கு விடுவிக்கப்படும். வாடகை, உணவு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்குத்தான் அந்தப் பணம். ‘இது என் வாழ்க்கைச் செலவுக்கான பணம்’ என்று சொல்லித்தான் அவர் விசா பெறுகிறார்.

அனுமதி என்பது என்ன?

ஜீரோ கேட் வழியாகத் துறைமுகத்திற்குள் நுழையும் தொழிலாளிக்கு ஒரு பாஸ் வழங்கப்படுகிறது. அந்த பாஸ் வெறும் காகிதமா? இல்லை. ‘உள்ளே இருக்கும் சரக்குக்கு இவனால் தீங்கு வராது’ என்ற நம்பிக்கையின் பேரில் கொடுக்கப்பட்டது அது. ஒரு மூட்டையைப் பிரித்து ஒரு கை அரிசி எடுத்தாலும் அவன் திருடன் மட்டுமல்லன், துரோகியும் ஆவான். சுவரேறிக் குதித்து வந்த திருடனுக்கும் பாஸ் வாங்கிக் கொண்டு வந்த திருடனுக்கும் இதுதான் வேறுபாடு. பின்னவனை நம்பிக் கதவைத் திறந்து விட்டார்கள்.

ஃபிக்ஹு நூல்களில் இதற்கு ‘அமான்’ என்று பெயர். பாதுகாப்பு அனுமதி என்று தமிழில் சொல்லலாம். அனுமதி பெற்று அயல் நாட்டுக்குள் நுழைந்த முஸ்லிமின் நிலை என்ன? அந்த நாட்டவர் அவனுக்கு அபயம் அளித்ததைப் போல, அவனிடமிருந்து அவர்களும் அபயம் பெற்றுவிட்டார்கள். அவர்களுடைய உயிருக்கோ பொருளுக்கோ அவன் வஞ்சகம் செய்வது ஹராம். இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்கள் ‘அல்உம்மு’ என்ற நூலிலும், ஹனஃபீ மத்ஹபின் ‘ஹிதாயா’ ஆசிரியரும் இதைத் தெளிவுபடுத்தியுள்ளார்கள். அவ்வாறு வஞ்சகமாகக் கொண்டு வந்த பொருள் அவனுக்குத் தூய உடைமையாகாது, அதைத் தர்மம் செய்துவிடுமாறு அவன் ஏவப்படுவான் என்றும் ஹிதாயா கூறுகிறது.

இங்கே ஒன்றை ஆழ்ந்து கவனிக்க வேண்டும். அந்த இமாம்கள் இச்சட்டத்தை வகுத்தது முஸ்லிம்களோடு போர் நிலையில் இருந்த நாடுகளைப் பற்றி! பகைவன் நாட்டில்கூட அனுமதி பெற்று நுழைந்தபின் ஒரு திர்ஹமையும் ஏமாற்றி எடுக்கக்கூடாது என்றால், நம் தேசத்தோடு நட்புறவு கொண்டு, நம் பிள்ளைக்குத் தன் மக்களின் வரிப்பணத்தில் பாடம் சொல்லித் தரும் நாட்டைப் பற்றி என்ன சொல்வது?

இன்று அந்த அமானுக்கு விசா என்று பெயர். விண்ணப்பத்தில் நாம் எழுதுவதும் கையொப்பமிடுவதும் உடன்படிக்கையாகும். அல்மாயிதா அத்தியாயம் தொடங்குவதே, உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி ஈமான் கொண்டோருக்கு இடப்படும் கட்டளையோடுதான். யாரோடு செய்த உடன்படிக்கை என்று அங்கே பிரித்துச் சொல்லப்படவில்லை.

மூன்று முன்மாதிரிகள்

இதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்தே மூன்று நிகழ்ச்சிகளை நினைவூட்ட விரும்புகிறோம்.

ஒன்று: ஹிஜ்ரத் இரவு. மக்காக் குறைஷியர் நாயகம் (ஸல்) அவர்களைக் கொல்ல வீட்டைச் சூழ்ந்து நிற்கிறார்கள். அந்த நேரத்திலும் மக்காவாசிகளின் அடைக்கலப் பொருட்கள் நாயகத்தின் பொறுப்பில் இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வருமாறு ஹள்ரத் அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். ‘நம்மை ஊரைவிட்டு விரட்டியவர்களின் பொருள்தானே’ என்று எண்ணவில்லை.

இரண்டு: ஹுதைபிய்யா. முகீரா இப்னு ஷுஅபா (ரலி) அவர்கள் இஸ்லாத்திற்கு வருமுன் தம்மோடு பயணம் செய்தவர்களைக் கொன்று அவர்களுடைய பொருளை எடுத்துக் கொண்டிருந்தார்கள். பிறகு மதீனா வந்து முஸ்லிமானார்கள். அவருடைய இஸ்லாத்தை ஏற்றுக் கொண்ட நாயகம் (ஸல்) அவர்கள், அந்தப் பொருளோடு தமக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நம்பிக் கூட வந்தவரிடமிருந்து பறித்த பொருள் அது. ஹுதைபிய்யா நிகழ்ச்சியை விவரிக்கும் புகாரீ ஷரீஃபின் நீண்ட அறிவிப்பில் இது இடம் பெற்றிருக்கிறது.

மூன்று: பத்ருப் போர். ஹுதைஃபா (ரலி) அவர்களையும் அவர்களுடைய தந்தையையும் குறைஷியர் வழிமறித்து, நாயகத்தோடு சேர்ந்து போரிடமாட்டோம் என்று வாக்கு வாங்கிக் கொண்டு விட்டுவிட்டார்கள். இருவரும் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து நடந்ததைச் சொன்னார்கள். முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர், எதிரிகளோ ஏறத்தாழ ஆயிரம் பேர். இரண்டு வாள்கள்கூடப் பெரிது. ஆயினும், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுமாறு கூறி, அவ்விருவரையும் போரில் சேராமல் திருப்பி அனுப்பினார்கள். முஸ்லிம் ஷரீஃபில் வரும் இச்செய்தியை நம் இளைஞர்கள் மனத்தில் பதித்துக் கொள்ள வேண்டும். பகைவன் வற்புறுத்தி வாங்கிய வாக்கே காக்கப்பட்டது! நாமோ, நாமே தேடிச் சென்று, வரிசையில் நின்று கையெழுத்துப் போட்ட வாக்கைப் பற்றிப் பேசிக் கொண்டிருக்கிறோம்.

இனி, வினாவுக்கு விடை

கடன் வாங்குவது பொய்யாகாது. ஒருவர் கர்ளு ஹஸனாவாக, அதாவது வட்டியில்லாத அழகிய கடனாகப் பணம் தருகிறார். மாணவன் அந்த ஆண்டு முழுவதும் அதையே உண்டு உடுத்தி வாழ்கிறான். படிப்பு முடிந்து வேலை கிடைத்தபின் திருப்பித் தருகிறான். இங்கே சொன்னதும் நடந்ததும் ஒன்றே. இதில் குற்றமில்லை.

ஆனால் மாதாமாதம் விடுவிக்கப்படும் 992 யூரோ அப்படியே கடன்காரருக்குத் திரும்பிவிடுமானால், அது அவனுடைய வாழ்க்கைச் செலவுக்கான பணமன்று. கண்ணுக்குக் காட்டப்பட்ட வேடம். ‘என் செலவுக்கு இருக்கிறது’ என்று எழுதும்போதே, இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அது பொய். கமிஷன் என்ற பெயரில் கடனுக்கு மேல் வாங்கப்படுவது வட்டி. பொய்யும் வட்டியுமாக இரண்டு ஹராம்கள் ஒரே படியில்! இதையே அந்தச் சகோதரரிடமும் கூறினோம்.

இந்த முதல் பொய் தனியாக நிற்காது என்பதையும் பெற்றோர் அறிய வேண்டும். கையில் காசின்றி இறங்கும் பையன் முதல் வாரமே வேலை தேடி அலைவான். மொழி சரளமாக வராதவனுக்கு நல்ல வேலை உடனே கிடைக்காது. வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ வேலை செய்யலாம் என்று 2024ல் சட்டம் தளர்த்தப்பட்டது. பட்டினிக்கு அஞ்சுபவன் அந்த வரம்பைத் தாண்டிக் கணக்கில் வராத வேலைக்குப் போவான். அத்தகைய முதலாளி கூலியைக் குறைத்தாலும், கொடுக்காமலே விட்டாலும், இவன் புகார் செய்ய முடியாது. வாயைத் திறந்தால் இவன் குற்றமும் வெளிவரும். இரவெல்லாம் பாத்திரம் கழுவியவன் காலை வகுப்பில் உறங்குவான். ஃபஜ்ரு தவறும். பிறகு தேர்வும் தவறும். படிப்புக்காகச் சொன்ன பொய், படிப்பையே விழுங்கிவிடும்.

சமாதானங்கள்

‘அவர்கள் காஃபிர்கள்தானே’ என்பாருமுளர். ஹிஜ்ரத் இரவு அதற்கு விடை சொல்லிவிட்டது.

‘ஐரோப்பியர் நம்மைச் சுரண்டியவர்கள்தானே’ என்பார் வேறு சிலர். சுரண்டல் நடந்தது உண்மை. ஆனால், ஒருவன் செய்த அநீதிக்கு வேறொருவனை ஏமாற்றிக் கணக்குத் தீர்க்க எந்த மத்ஹபும் அனுமதிக்கவில்லை. பெர்லினில் அறை வாடகைக்கு விடும் மூதாட்டி நம் நாட்டை ஆண்டவளல்லள்.

‘நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும்’ என்ற ஃபிக்ஹு விதியை எடுத்துக் கொண்டு வருவோரும் உண்டு. இவ்விதி உயிர் போகும் நிலைக்கு உரியது. செத்த பிராணியை உண்டேனும் உயிர் பிழைக்க வேண்டியவனுக்கு உரியது. பெர்லினில் முதுகலைப் பட்டம் பெறாவிட்டால் யாரும் இறந்துவிட மாட்டார்கள். ஓராண்டு இங்கே வேலை பார்த்துச் சேமித்துப் போகலாம். உதவித்தொகைக்கு முயலலாம். இங்கேயே படிக்கலாம். ஆசையை நிர்ப்பந்தம் என்று பெயர் மாற்றி வைத்துவிட்டால் உலகில் எந்த ஹராமும் மிஞ்சாது.

‘யாருக்கு நட்டம்?’ என்பது கடைசிச் சமாதானம். அடுத்து வருபவனுக்கு நட்டம்! 2022 நவம்பரிலிருந்து, ஜெர்மனியில் படிக்க விரும்பும் இந்திய மாணவர் தம் சான்றிதழ்களை டில்லியில் உள்ள ‘ஏ.பி.எஸ்.’ என்ற சரிபார்ப்பு அலுவலகத்தில் கொடுத்து, உண்மையானவை என்று ஒப்புதல் பெற்ற பிறகே விசாவுக்கு விண்ணப்பிக்க முடிகிறது. போலிகளை வடிகட்டுவதற்கான ஏற்பாடு அது. யாரோ சிலர் போலி கொடுத்ததற்கு, நேர்மையாகப் படித்த ஏழைப் பிள்ளை இன்று கட்டணமும் காலமும் செலவிட்டுத் தன் உண்மையை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. ‘எம்டன்’களின் கெட்டிக்காரத்தனத்துக்கு விலை கொடுப்பவர்கள் எப்பொழுதும் மற்றவர்களே.

கதவில்லாத நிலையம்

நம் விம்கோ நகர் மெட்ரோ நிலையத்தில் சீட்டைக் காட்டினால்தான் தடுப்புக் கதவு திறக்கும். பெர்லின் சுரங்க ரயிலில் அப்படிப்பட்ட கதவே கிடையாது. யாரும் நேரே இறங்கிப் போய் வண்டியில் ஏறிக் கொள்ளலாம். எப்பொழுதாவது சாதாரண உடையில் பரிசோதகர் வருவார். சீட்டு இல்லையென்றால் அபராதம் 60 யூரோ. அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பருவக் கட்டணத்தோடு பயணச்சீட்டும் சேர்ந்தே கிடைத்துவிடும். அது இல்லாத மாணவர்களிடம், ‘மாதம் ஒரு முறை அபராதம் கட்டினாலும் சீட்டு வாங்குவதைவிட மலிவு’ என்று கணக்குப் போட்டுக் கொடுக்க நண்பர்கள் இருப்பார்கள்.

அல்லாஹ்வைக் காண்பதைப் போல வணங்கு, நீ காணாவிடினும் அவன் உன்னைக் காண்கிறான் என்ற கருத்தில் அமைந்த இஹ்ஸான் போதனையை மக்தபில் ஓதாத பிள்ளை உண்டா? அந்தப் பாடத்துக்குப் பரீட்சை மண்டபம் அந்தக் கதவில்லாத நிலையம்தான். பரிசோதகருக்கு அஞ்சிச் சீட்டு வாங்குபவன் சட்டத்தை மதிப்பவன். பரிசோதகர் வரமாட்டார் என்று தெரிந்தும் வாங்குபவன் முஹ்ஸின்.

வீட்டு முகவரியும் இப்படியே. புதிதாகக் குடியேறியவர் இரண்டு வாரத்திற்குள் தம் முகவரியை நகர அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். அறை கிடைப்பது அரிதான பெர்லினில், குடியிராத முகவரியைக் காசுக்கு விற்போர் உளர். வாங்குவதும் பொய்ச் சாட்சியமே.

தவறு நடந்துவிட்டவர்கள் நிராசையடைய வேண்டாம். சீட்டின்றிப் பயணம் செய்தவர், அதே மதிப்புள்ள சீட்டுகளை வாங்கிப் பயன்படுத்தாமல் கிழித்துவிட்டால் உரியவருக்கு உரியது சேர்ந்துவிடும். ரயில் கட்டணம் பற்றி நம் மூத்த உலமாக்கள் காட்டித் தந்த வழி இது. தவ்பாவோடு அடியானின் ஹக்கும் தீர்ந்தால்தான் பாரம் இறங்கும்.

சட்டமும் மார்க்கமும் எதிரெதிரே நின்றால்?

அமானைக் காப்பது என்றால் அங்குள்ள எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று பொருளல்ல. மது பரிமாறும் வேலை, பன்றி இறைச்சி சமைக்கும் வேலை வந்தால், ‘என் மார்க்கத்தில் இது கூடாது’ என்று வெளிப்படையாக மறுத்துவிட வேண்டும். ஒப்புக் கொண்டு சேர்ந்துவிட்டு, பிறகு ஏமாற்றக் கூடாது. தொழுகையும் அவ்வாறே. சென்னையில் ஆண்டு முழுவதும் மஃரிப் நேரம் ஒரு மணிக்குள்தான் முன்பின் நகரும். பெர்லினில் டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறையும். ஜூனில் இரவு 9.30 ஆகும். வகுப்புக்கும் வேலைக்கும் நடுவே நேரம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். கேட்டு வாங்குங்கள். திருடி எடுத்துக் கொள்ளாதீர்கள். வேலை நேரத்தில் சொல்லாமல் மறைந்து தொழுவதைவிட, சொல்லிவிட்டுத் தொழுது அந்தப் பத்து நிமிடங்களைப் பின்னர் ஈடு செய்வது மேலானது. 1961 முதல் உழைக்கச் சென்ற துருக்கிய முஸ்லிம்களின் குடும்பங்கள் அங்கே இன்றும் நிறைந்துள்ளன. பள்ளிவாசல்களும் உண்டு. ஜமாஅத்தோடு சேர்ந்திருங்கள். தனித்துப் போன ஆட்டைத்தான் ஓநாய் பிடிக்கும்.

ஊராரின் கடமை

பிள்ளைக்கு உபதேசம் சொல்லிவிட்டு ஊரார் கையைக் கட்டிக் கொண்டிருப்பது நியாயமாகாது. கல்யாண மண்டபத்துக்கும் விருந்துக்கும் இலட்சங்களைச் செலவிடும் மஹல்லாக்களால், நான்கு மாணவர்களுக்குக் கர்ளு ஹஸனா கொடுக்கும் நிதியொன்றை நடத்த முடியாதா? ஹராமின் வாசலை அடைக்க விரும்புவோர் ஹலாலின் வாசலைத் திறந்து வைக்க வேண்டும். பெற்றோரும், பையன் விமானம் ஏறிய மறுமாதமே பணம் எதிர்பார்க்கலாகாது. ‘பக்கத்து வீட்டுப் பிள்ளை அனுப்புகிறானே’ என்ற ஒரு வார்த்தை, அவனைக் கணக்கில் வராத வேலைக்குத் துரத்திவிடும்.

வாக்கைக் காத்தவர்களுக்கு இந்த நாட்டிலேயே உதாரணம் உண்டு. டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்கள் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றார்கள். ஜாமிஆ மில்லிய்யா பணமின்றி மூடப்படும் நிலையில் இருந்தபோது, ஆபித் ஹுசைன், முஹம்மத் முஜீப் என்ற நண்பர்களோடு சேர்ந்து, அதற்காக உழைக்க வருவதாக ஐரோப்பாவிலிருந்தே வாக்களித்தார்கள். 1926ல் திரும்பி வந்து துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார்கள். மாதம் 150 ரூபாய்க்கு மேல் வாங்காமல் 20 ஆண்டுகள் உழைப்பதாக 1928ல் அங்குள்ள ஆசிரியர்கள் உறுதிமொழி செய்து கொண்டபோது அதில் முன்நின்றார்கள். 1948 வரை அந்தப் பணியில் இருந்தார்கள். 1967ல் நாட்டின் குடியரசுத் தலைவராகவும் ஆனார்கள். பட்டத்தைப் பலர் பெர்லினிலிருந்து கொண்டு வரலாம். சொன்ன சொல்லைச் சிதையாமல் கொண்டு வருபவரையே சமுதாயம் நினைவில் வைத்திருக்கும்.

நம் பிள்ளைகளின் பெட்டியில் ஊறுகாயும் கம்பளியும் வைக்கும் தாய்மார்களே! அமானிதத்தையும் சேர்த்து வைத்து அனுப்புங்கள். விமான நிலையத்தில் எடை போடப்படாத சாமான் அது. ஆனால் மறுமையின் தராசில் அதற்குத்தான் கனம் அதிகம்.

வல்ல ரஹ்மான் நம் மக்களுக்குப் பயன் தரும் கல்வியையும், ஹலாலான உணவையும், கொடுத்த வாக்கில் நிலைத்து நிற்கும் உறுதியையும் அருள்வானாக! ஆமீன்.